செய்தவர் வெளியே, செய்தது உள்ளே

2024 மே 7ஆம் தேதி மைக்ரோசாஃப்ட் தன் வசமிருந்த மூன்று வீடியோ கேம் ஸ்டூடியோக்களை மூடுவதாக அறிவித்தது. டெக்ஸாஸில் ஆர்கேன் ஆஸ்டின், கனடாவின் ஹாலிஃபாக்ஸில் ஆல்ஃபா டாக், டோக்கியோவில் டாங்கோ கேம்வொர்க்ஸ். மூன்றும் ஜெனிமேக்ஸ் என்ற தாய்க் கம்பெனியோடு சேர்ந்து 2021இல் மைக்ரோசாஃப்டின் கைக்கு வந்தவை. மொத்தக் கிரயம் 750 கோடி டாலர். ஆர்கேன் ஆஸ்டினை மூடியதற்கு ஒரு காரணமாவது சொல்லலாம். முந்தைய ஆண்டு அவர்கள் வெளியிட்ட 'ரெட்ஃபால்' படுத்துவிட்டது. டாங்கோ விஷயத்தில் அதற்கும் வழியில்லை. அவர்களுடைய 'ஹை-ஃபை ரஷ்' 2023 ஜனவரியில், முன்கூட்டி ஒரு விளம்பரமும் இல்லாமல், அறிவித்த அன்றைக்கே விற்பனைக்கு வந்து ஓடியது. எல்லா அளவுகோலிலும் அது வெற்றி என்று எக்ஸ்பாக்ஸ் மார்க்கெட்டிங் அதிகாரி ஆரன் கிரீன்பெர்க்கே பொதுவில் எழுதினார். அனிமேஷனுக்காக பாஃப்டா விருது வாங்கி ஒரு மாதம்கூட ஆகாத நிலையில் ஸ்டூடியோவுக்குப் பூட்டு.

அந்த ஆட்டத்தை என் அக்கா மகன் ஆடப் பார்த்திருக்கிறேன். ஒரு பெரிய கம்பெனியின் பரிசோதனைக்கு ஆசையாக வந்து சேர்கிறான் சாய் என்ற இளைஞன். தவறுதலாக அவன் நெஞ்சில் ஒரு மியூசிக் பிளேயர் பதிந்துவிடுகிறது. கம்பெனி அவனுக்குப் 'பழுது' என்று முத்திரை குத்தி, ரோபோக்களை ஏவித் துரத்துகிறது. அதற்கப்புறம் அந்த உலகத்தில் மரம், குழாய், விளக்கு எல்லாம் ஒரே தாளத்துக்கு அசைகின்றன. அடி தாளத்தில் விழுந்தால் பலம் கூடும். தப்பினால் அடி விழும், பலம் இருக்காது. பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த என் கால் தானாகத் தரையைத் தட்ட ஆரம்பித்துவிட்டது. கதையில் வரும் கம்பெனியின் குணத்தை எழுதியவர்கள் எங்கே படித்தார்கள் என்று நான் கேட்கவில்லை.

மூடிய செய்தி வந்த அன்று அக்கா மகன் கேட்டதுதான் இந்தக் கட்டுரைக்குக் காரணம். "மாமா, இவங்க கம்பெனிய வாங்கினாங்க, சரி. அதுல எதை வாங்கினாங்க? இப்ப எதை மூடினாங்க?"

நான் கும்பகோணத்தில் வக்கீல். கோயில் நிலம், குத்தகை பாக்கி, ஆக்கிரமிப்பு, அறங்காவலர் தகராறு என்று காலம் ஓடுகிறது. எங்கள் பக்கத்து சிவில் கோர்ட்டுகளில் கடவுள் சர்வசாதாரணமாக வந்துபோகிற கட்சிக்காரர். 'அருள்மிகு' என்று தொடங்குகிற வாதிகளுக்குக் காவிரிக் கரையில் பஞ்சமே இல்லை. அதனால் பையன் கேட்டது எனக்குக் கேம் பற்றிய கேள்வியாகவே படவில்லை. ஆத்மா எது, உடம்பு எது, சொத்து எது என்று எங்கள் தொழிலில் தினமும் அரைகுறையாகத் தீர்த்துக்கொண்டிருக்கிற விவகாரம் அது.

சட்டத்தின் கண்ணில் கோயில் மூர்த்தி ஒரு நபர். சொத்து வைத்துக்கொள்ளலாம், வழக்குப் போடலாம். தானே வாய் திறந்து பேச முடியாது என்பதால் மைனர். எத்தனை நூறு வருஷமானாலும் மேஜராகாத மைனர். தர்மகர்த்தா அவர் சார்பில் வர வேண்டும். தர்மகர்த்தாவே சொத்தைத் தின்றால் ஒரு பக்தர் 'நெக்ஸ்ட் ஃப்ரெண்ட்' என்ற பெயரில் வரலாம். கல்கத்தாவில் ஒரு குடும்பத்தில் குலதெய்வ விக்கிரகத்துக்கு முறை வைத்துப் பூஜை செய்தவர்களுக்குள் சண்டை: என் முறை வரும்போது விக்கிரகத்தை என் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போகலாமா? 1925இல் பிரிவி கவுன்சில் சொன்னதன் சாரம், விக்கிரகம் இஷ்டத்துக்கு எடுத்துப்போகிற தட்டுமுட்டுச் சாமான் அல்ல, அது எங்கே இருக்க வேண்டும் என்பதில் அதன் விருப்பமும் உண்டு, அந்த விருப்பத்தை எடுத்துச் சொல்ல இந்தச் சண்டையில் லாபநஷ்டம் இல்லாத ஒருவரை நியமியுங்கள் என்பது. கோட்டு போட்ட ஆங்கிலேயர்கள் லண்டனில் உட்கார்ந்து ஒரு விக்கிரகத்தின் மனசைக் கேட்கச் சொன்னதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சிரிப்பும் மரியாதையும் சேர்ந்தே வரும்.

பத்தூர் வழக்கு இன்னும் விசேஷம். 1976இல், ஒன்றுபட்ட தஞ்சாவூர் ஜில்லாவில் இருந்த பத்தூரில், இடிந்த சிவன் கோயில் பக்கம் மண்ணைத் தோண்டியபோது நடராஜர் கிடைத்தார். கைமாறிக் கைமாறி லண்டன் போய்ச் சேர்ந்தார். 1982இல் பம்பர் டெவலப்மென்ட் கார்ப்பரேஷன் என்ற கனடா கம்பெனி அவரை விலைக்கு வாங்கியது. லண்டன் போலீஸ் கைப்பற்ற, வழக்கு நடந்தது. ஒரு பக்கம் கம்பெனி. மறுபக்கம் உரிமை கோரியவர்களில் அரசோடு சேர்ந்து கோயிலும் உண்டு, அந்தக் கோயிலின் சிவலிங்கமும் உண்டு. பூஜை நின்று, சுவரும் கூரையும் போன கோயில் எப்படி வழக்காட முடியும்? 1991இல் இங்கிலாந்தின் அப்பீல் கோர்ட் முடியும் என்றது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் நிலம் கொடுத்துக் கோயில் கட்டியவரின் தர்ம சங்கல்பம் இன்னும் இருக்கிறது, அந்தச் சங்கல்பத்தின் உருவம்தான் கோயில், கட்டடம் இடிந்ததால் அது அழிந்துவிடவில்லை என்பது அவர்கள் கண்ட நியாயம். நடராஜர் ஊர் திரும்பினார்.

கம்பெனியும் சட்டத்தில் ஒரு நபர்தான். அதற்கும் இயற்கையான சாவு கிடையாது. ஆனால் தெய்வம் என்றும் மைனர், கம்பெனியோ பிறந்த அன்றே மேஜர். மூர்த்தியை நபராக்கியது ஒருவருடைய சங்கல்பத்தை அடுத்தவர் கையிலிருந்து காப்பாற்ற. கம்பெனியை நபராக்கியது கொடுக்கல் வாங்கலுக்கு வசதியாக இருக்கட்டும் என்று. அதனால்தான் ஒரு மேஜரை இன்னொரு மேஜர் முழுசாக விலைக்கு வாங்கி, பெயரை வைத்துக்கொண்டு ஆளைக் காலி செய்வதில் சட்டத்துக்கு எந்தக் கூச்சமும் இல்லை.

டல்லஸில் 1995இல் தொடங்கிய என்செம்பிள் ஸ்டூடியோஸ் எனக்கு டாங்கோவைவிட நெருக்கம். நான் திருச்சியில் சட்டம் படித்த காலத்தில் ராத்திரி பிரவுசிங் சென்டரின் ஷட்டரை இழுத்துவிட்டு, நாலைந்து சிஸ்டங்களை லேனில் கோர்த்து, விடிய விடிய 'ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ்' ஆடுவோம். அதில் ஒரு பூசாரி உண்டு. கையில் ஆயுதம் கிடையாது. எதிரியின் யானையைப் பார்த்துக் கையைத் தூக்கி 'வோலோலோ' என்று ஓதுவார். கொஞ்ச நேரத்தில் யானை நீலத்திலிருந்து சிவப்பாகிவிடும். அதே யானை, அதே பலம், உடம்பில் அதே காயம். நிறம் மட்டும் வேறு, இனி யார் சொன்னபடி நடக்கும் என்பது வேறு. அந்த ஆட்டங்களை வெளியிட்டுக்கொண்டிருந்த மைக்ரோசாஃப்ட் 2001இல் ஸ்டூடியோவையே வாங்கியது. நாங்கள் அதைப் பத்திரிகையில் படித்திருந்தால்கூட வோலோலோ என்று சொல்லிவிட்டு ஆட்டத்தைத் தொடர்ந்திருப்போம்.

2008இல் மூடல் அறிவிப்பு வந்தது. அப்போது அவர்கள் 'ஹேலோ வார்ஸ்' செய்துகொண்டிருந்தார்கள். செய்து முடித்துவிட்டுப் போகச் சொன்னார்கள், முடித்தார்கள், 2009 ஜனவரியில் ஸ்டூடியோ இல்லை. ஆட்டம் கடைக்கு வந்தபோது அதைச் செய்த வீடு பூட்டியிருந்தது.

அதன்பின் நடந்ததை மறுபிறவிக் கணக்காகவே எழுதலாம். வெளியே வந்தவர்களில் ஒரு பகுதியினர் ரோபாட் என்டர்டெயின்மென்ட் தொடங்கினார்கள். இன்னொரு பகுதியினர் பான்ஃபயர் ஸ்டூடியோஸ். பான்ஃபயரை 2010இல் ஜிங்கா வாங்கி ஜிங்கா டல்லஸ் என்று பெயர் மாற்றியது, 2013இல் மூடியது. அங்கிருந்து வெளியே வந்தவர்கள் அதே ஆண்டு பாஸ் ஃபைட் என்று ஒன்றைத் தொடங்கினார்கள். அதை 2022இல் நெட்ஃபிளிக்ஸ் வாங்கியது, 2025இல் மூடியது. சம்சார சாகரத்துக்கு டெக்ஸாஸிலும் ஒரு கரை இருக்கிறது.

பிறவி மாறும்போது எது கூடவே போகிறது என்று கேட்டால் நம் ஊரில் எந்தப் பாட்டியும் சொல்வாள்: வினை. சைவ சித்தாந்தி அதைக் கன்மம் என்று மலக் கணக்கில் எழுதுவார். வேதாந்தி சஞ்சிதம், பிராரப்தம் என்று பிரிப்பார். உடம்பு போகும், வீடு வாசல் போகும், செய்தது மட்டும் செய்தவனை விடாது என்பதில் இருவருக்கும் வழக்கு இல்லை. கம்பெனிச் சட்டம் இதை அப்படியே தலைகீழாக்கிவிட்டது. செய்தவர்கள் அட்டைப்பெட்டியில் சாமான்களைக் கட்டிக்கொண்டு வெளியே போகிறார்கள். செய்தது உள்ளேயே நிற்கிறது: பெயர், நிரல், ஓவியம், இசை, பாதி முடிந்த அடுத்த ஆட்டம் எல்லாம். அவர்கள் கூட எடுத்துப் போக முடிவது வாசனை ஒன்றைத்தான், அதாவது கைப்பழக்கத்தை. அதை எழுதி வாங்க இன்னும் ஒப்பந்தம் வரவில்லை. முயற்சி நடக்கவில்லை என்று சொல்ல மாட்டேன்.

பலனில் பற்று வைக்காதே என்ற கீதையைக் கொண்டுவந்து இதற்கு முட்டுக் கொடுக்கலாம். எடுபடாது. துறப்பது செய்தவன் தானாக முன்வந்து செய்கிற காரியம். வேலைக்குச் சேரும்போது நீட்டிய தாளில் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்வதற்குப் பெயர் துறவு அல்ல, கிரயம்.

பௌத்தர் வந்தால் என் வாதம் கொஞ்சம் திணறும். மிலிந்தன் என்ற ராஜாவிடம் நாகசேனர் கேட்டது பிரசித்தம்: தேர் என்பது சக்கரமா, அச்சா, நுகமா? ஒன்றும் இல்லையென்றால் தேர் எங்கே? அந்த வழியில் போனால் டாங்கோ என்று ஒன்று எப்போதுமே இல்லை. சில ஆட்கள், சில கணினிகள், டோக்கியோவில் ஒரு வாடகைக் கட்டடம். நிறுவியவரான ஷின்ஜி மிகாமியே 2023இல் விலகிவிட்டார். இல்லாததை யாரும் கொல்ல முடியாதே? மைக்ரோசாஃப்ட் வக்கீல்களுக்கு இது இனிக்கும். ஆனால் அதே பௌத்தம் ஆத்மாவை விட்டதே ஒழிய வினையை விடவில்லை. ஒரு விளக்கிலிருந்து இன்னொரு விளக்கு ஏற்றினால் சுடர் ஒன்றா வேறா என்று சொல்ல முடியாவிட்டாலும், இதிலிருந்து அது வந்தது என்பதை மறுக்க முடியாது என்கிறது. அந்தத் தொடர்ச்சியை நடுவில் வெட்டி, ஒரு பாதியைப் பெட்டகத்தில் வைக்கலாம் என்று நாகசேனரும் சொல்லவில்லை.

பெட்டகம் என்று சும்மா சொல்லவில்லை. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் மோனோலித் என்ற ஸ்டூடியோ 1994இல் தொடங்கியது. 2004இல் வார்னர் வாங்கியது. 2025 பிப்ரவரியில் மூடியது. 2014இல் அவர்கள் செய்த 'ஷேடோ ஆஃப் மோர்டோர்' ஆட்டத்தில் ஒரு புது ஏற்பாடு இருந்தது. சாதாரண ஆட்டத்தில் நீங்கள் செத்தால் எல்லாம் பழையபடி முதலிலிருந்து தொடங்கும். எதிரிக்கு எதுவும் ஞாபகம் இருக்காது. இதில் உங்களைக் கொன்ற ஓர்க் வீரனுக்குப் பதவி உயர்வு கிடைக்கும். அடுத்த தடவை எதிரே வரும்போது, போன முறை உன்னை எப்படி வெட்டினேன் தெரியுமா என்று கேலி பேசுவான். நீங்கள் நெருப்பில் தள்ளியவன் செத்துவிட்டான் என்று நினைத்திருப்பீர்கள். வெந்த முகத்தோடு திரும்பி வந்து நிற்பான். முன்வினை மறக்காமல் தேடி வருகிற ஒரு உலகத்தை இத்தனை சுத்தமாக இயந்திரத்தில் செய்து காட்டியவர்கள் வேறு யாரும் இல்லை. அதற்கு நெமசிஸ் என்று பெயர். அதன் காப்புரிமை வார்னரிடம் இருக்கிறது, 2036 வரை. செய்தவர்களின் வீடு இல்லை, செய்தது அடுத்தவர் பூட்டில். அந்த ஓர்க் வீரனுக்கு இருந்த ஞாபக உரிமைகூட அவனைப் படைத்தவர்களுக்குக் கிடையாது.

ரிச்சர்ட் கேரியட்டின் ஆரிஜின் சிஸ்டம்ஸ் கதையும் இதே வழிதான், பழையது என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். 1985இல் வந்த 'அல்டிமா 4' ஆட்டத்தில் ராட்சசனைக் கொல்வது குறிக்கோள் இல்லை; நேர்மை, கருணை, தியாகம், பணிவு என்று எட்டு அறங்களில் தேறி அவதாரமாக வேண்டும். 1992இல் 'அல்டிமா 7' வந்தது. அதில் நாசவேலை செய்துகொண்டு ஊர் ஊராகத் திரியும் ஜோடியின் பெயர் எலிசபெத், ஆபிரகாம். முதலெழுத்துகளைச் சேர்த்தால் ஈஏ என்ற கேம் கம்பெனியின் பெயர் வரும். தீய சக்தியின் மூன்று கருவிகளும் கனசதுரம், கோளம், முக்கோணக் கூம்பு, அன்றைய ஈஏ கம்பெனிச் சின்னத்தின் சதுரம், வட்டம், முக்கோணம். அதே வருஷம் செப்டம்பரில் ஆரிஜினை ஈஏ வாங்கியது. 2004இல் மூடியது. பின்னாளில் கேரியட் அதே வகை ஆட்டம் ஒன்றைச் செய்தபோது, தான் பெற்ற அல்டிமா என்ற பெயரை வைக்க முடியவில்லை.

என் சீனியர் இதைக் கேட்டால் ஒரே வரியில் அடிப்பார். "விற்றது யாரப்பா? அவர்கள்தானே கையெழுத்துப் போட்டார்கள்?" உண்மைதான். கோயில் கட்டிய சோழர் காலத்துப் பிரமுகர் அதை யாருக்கும் விற்கவில்லை. இவர்கள் விற்றார்கள், பணம் வாங்கினார்கள். டாங்கோ 2010 மார்ச்சில் பிறந்து பணமுடையில் தத்தளித்து அக்டோபரிலேயே ஜெனிமேக்ஸிடம் போனது. வாங்க ஆள் இல்லாதிருந்தால் ஹை-ஃபை ரஷ்ஷும் இல்லை. நாளைக்கும் சம்பளம் கொடுத்துக்கொண்டே இரு என்று யாரையும் கட்டாயப்படுத்தவும் முடியாது. நஷ்டத்தில் ஓடும் சத்திரத்தை மூடுவதில் பாவம் என்ன?

ஒப்புக்கொள்கிறேன். மூடியது அல்ல எனக்கு உறுத்துவது. பிறந்தது சாகும்; ஸ்டூடியோவுக்கு மட்டும் மார்க்கண்டேயன் வரம் கேட்பது அசட்டுத்தனம். செத்ததன் வினையைச் சிறை வைப்பதுதான் உறுத்துகிறது. நம் பக்கத்தில் தர்மகர்த்தா என்று ஒரு பதவி எதற்காக ஏற்பட்டது? சாவிக்கொத்து அவரிடம், வரவு செலவு அவரிடம், கோயிலில் முதல் மரியாதை அவருக்கு. ஆனால் மூர்த்தி அவருடையது அல்ல. பூஜை நடத்த முடியாவிட்டால் அவர் விலகலாம். சன்னதியைப் பூட்டிச் சாவியை வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது. கொண்டுபோன தர்மகர்த்தாக்களை எனக்குத் தெரியும், அதனால்தான் என் வீட்டில் அடுப்பு எரிகிறது. ஆனால் அவர்களைக் கூண்டில் ஏற்றிக் கேட்க எனக்கு ஒரு சட்டம் இருக்கிறது.

அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டத்தில் ஒரு சின்ன ஜன்னல் உண்டு. எழுத்தாளர் உரிமையை எழுதிக் கொடுத்திருந்தாலும் 35 வருஷம் கழித்துத் திருப்பிக் கேட்கலாம். சம்பளத்துக்குச் செய்த வேலைக்கு மட்டும் அது பொருந்தாது. ஸ்டூடியோவில் செய்வதெல்லாம் சம்பள வேலை. ஜன்னல் சாத்தியாகிவிட்டது.

டாங்கோவுக்கு அதிர்ஷ்டம் இருந்தது. 2024 ஆகஸ்டில் தென் கொரியாவின் கிராஃப்டன் அந்தக் குழுவையும் ஹை-ஃபை ரஷ் உரிமையையும் எடுத்துக்கொண்டது. "பப்ஜிக்காரங்க மாமா!" என்று பையன் குதித்தான். பாகப்பிரிவினையில் ஒரு பிள்ளை கூட வந்தது. 'ஈவில் விதின்', 'கோஸ்ட்வயர்' இரண்டும் பழைய வீட்டிலேயே தங்கிவிட்டன.

மற்றவர்களுக்கு வந்து நின்றது பக்தர்கள்தான். 2012இல் என்சிசாஃப்ட், பாரகன் ஸ்டூடியோவை மூடி 'சிட்டி ஆஃப் ஹீரோஸ்' சர்வரையும் அணைத்தது. சிலர் ஆண்டுக்கணக்காக அதை ரகசியமாக ஓடவிட்டிருந்தது 2019இல் வெளியே தெரிந்தது. கம்பெனி நினைத்திருந்தால் எல்லோர் மேலும் வழக்குப் போட்டிருக்கலாம். 2024 ஜனவரியில் ஹோம்கமிங் என்ற ரசிகர் குழுவுக்கு உரிமம் கொடுத்தது. என்செம்பிள் போனபின் 'ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2' ஆட்டத்துக்குப் புது நாகரிகங்களைச் சேர்த்து இலவசமாக வெளியிட்டவர்களும் ரசிகர்கள்தான். ஃபர்காட்டன் எம்பயர்ஸ் என்று பெயர் வைத்துக்கொண்டார்கள். மைக்ரோசாஃப்ட் அவர்களை விரட்டவில்லை. 2013இல் உள்ளே அழைத்துக்கொண்டது. அதற்கு அந்தக் கம்பெனிக்கு ஒரு நமஸ்காரம் சொல்லத்தான் வேண்டும். அவர்கள் கையால்தான் 2022இல் திராவிடர் என்ற நாகரிகம் அந்த ஆட்டத்துக்குள் வந்தது, உருமி வீச்சுக்காரனோடும் திரிசடைக் கப்பலோடும். கூடவே ராஜேந்திர சோழனின் படையெடுப்பு. திருச்சியில் நாங்கள் பாரசீக யானையை வைத்து ஒப்பேற்றிக்கொண்டிருந்தபோது எங்கள் ஊர் ராஜா அதில் இல்லை. செய்தவர்கள் போய்ப் பதின்மூன்று வருஷம் கழித்து வந்தார்.

ஒரு சனிக்கிழமை வேலையில்லாமல் பிராதே எழுதிப் பார்த்தேன். வாதி: என்செம்பிள் ஸ்டூடியோஸ், டல்லஸ், தற்சமயம் விலாசம் இல்லை, தன் நெக்ஸ்ட் ஃப்ரெண்டான ஒரு பழைய ஆட்டக்காரர் மூலம். பரிகாரம்: நஷ்டஈடு வேண்டாம், சொத்தும் வேண்டாம், செய்தவர்கள் தாங்கள் செய்ததைத் தங்கள் பெயரில் தொடர உரிமை உண்டு என்று விளம்புகை. கோர்ட் ஆபீஸில் இது நம்பர் ஆகாது. வழக்கு எப்படி நிலைநிற்கத்தக்கது என்று மார்ஜினில் எழுதித் திருப்பிவிடுவார்கள். பத்தூர் தீர்ப்பின் நகலைப் பின்னால் தைத்து மறுபடி தாக்கல் செய்யலாம். அப்போது அந்தக் கிளார்க் கண்ணாடியைக் கழற்றாமலே கேட்கப்போவதும் எனக்குத் தெரியும். சார், கோர்ட் ஃபீஸுக்கு இந்தச் சங்கல்பத்தை எவ்வளவு என்று மதிப்புப் போட்டிருக்கிறீர்கள்?